ஒன்பதாம் எண் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை

எங்கள் தெருவுக்கு வரலாறு வந்து சேர்ந்து ஏழு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இங்கே பதினான்கு வீடுகள், ஒரு டிரான்ஸ்பார்மர், வளைவில் என் ஜெராக்ஸ் கடை, இவ்வளவுதான் இருந்தன. இன்றைக்கு வந்து பாருங்கள். பல் டாக்டர் வீடு ஒரு காலத்தில் சிறைச்சாலை. தையற்காரம்மா வீட்டில் ஒரு கப்பல் கேப்டன் இரண்டு வருஷம் ஒளிந்திருந்தார். கடல் எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் ரயில் பயணம். அதை யாரும் கேட்பதில்லை. டிராயிங் வாத்தியார் வீட்டுச் சுவருக்குள் ஒரு ஊஞ்சலை வைத்துப் பூசியிருக்கிறார்கள். என் கடை இருக்கும் இடத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கதவுக்காகச் சண்டை போட்டு இருபது வருஷம் பேசாமல் இருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் அந்தத் தம்பியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தனையும் ஒரே ஆள் வாயிலிருந்து வந்தவை. அவரைத் தெருவே மீட்டரக்கா என்றுதான் கூப்பிடும்.

மின்சார ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர். ஆள் நாலே முக்கால் அடி. மீட்டர் மாட்டுகிறவர்களெல்லாம் ஒட்டடைக்குச்சி உயரம் போலிருக்கிறது. எந்த வீட்டிலும் அது அக்காவுக்கு எட்டியதில்லை. அதனால் கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடுதான் வருவார். மீட்டர் வாசலில் இருந்தால் சரி. பழைய வீடுகளில் அது மாடிப்படிக்கு அடியில், சமையலறைக் கதவுக்குப் பின்னால், படுக்கையறை அலமாரிக்கு மேலே என்று எங்கெங்கோ இருக்கும். உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை உச்சத்தில் இருந்தாலும் அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறுவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், எழுதுவார், இறங்குவார். "நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவர் பார்க்காத குடும்ப ரகசியம் இந்த ஊரில் கிடையாது. ஆனால் ஒரு சொல் வெளியே விட்டதில்லை. நானும் எத்தனையோ தடவை தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். "அந்தக் கடைசி வீட்டுல என்னக்கா சத்தம்?" என்றால், "மீட்டர் ஓடுற சத்தம்" என்பார். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு அடுத்தவர் காகிதத்தைப் படிப்பதுதான் பொழுதுபோக்கு. எனக்கு அந்த அடக்கம் புரிந்ததே இல்லை.

அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. போன வீடு பூட்டியிருந்தால் சும்மா திரும்பக் கூடாது. முன் மாதங்களின் எண்களைப் பார்த்து சராசரி ஒன்று போட்டு எழுத வேண்டும். அது ஆபீசே ஒத்துக்கொண்ட எண். ஆனால் வீடு திறந்திருக்கும்போது சராசரி போட்டால் வேலை போய்விடும். மீட்டர் கண்ணெதிரே இருக்கிறது. அது என்ன காட்டுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். இந்த ஒரு விதிதான் எங்கள் தெருவை இந்தப் பாடு படுத்தியது.

அக்கா ரிடையரான வருஷம் நகர நூலகத்தில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒரு தெருவில் நடப்பார்கள். அந்தத் தெருக்காரர் ஒருவர் ஒவ்வொரு வீட்டின் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீடும் தெரிந்தவர் யார் என்று விசாரித்தார்கள். நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினோம்.

முதல் ஞாயிறு பதினோரு பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தார்கள். பல் டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றதும் அக்கா அரை நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. பாவம், என்ன சொல்வார்? அந்த வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே சொல்லக் கூடாதது. சொல்லக் கூடியது எதுவும் தெரியாது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது பழைய ஜெயில்" என்றார்.

சாயந்திரம் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தார். அக்கா அப்போது என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, என் வீட்டை ஜெயில்னு சொன்னீங்களாமே?"

"ஆமா டாக்டர். பூட்டின வீடு. சராசரி போட்டேன்."

"நான் உள்ளதானே இருந்தேன்!"

"வீடு திறந்துதான் இருந்துது. அதோட பழைய கதை பூட்டியிருந்துது. இந்த மாதிரி சின்ன ஜன்னல் வச்ச வீடு ஊருக்குள்ள மூணு பார்த்திருக்கேன். ஒண்ணு குடோன், ஒண்ணு ஆஸ்பத்திரி, ஒண்ணு ஜெயில். மூணையும் சேர்த்துப் பார்த்தா ஜெயில்தான் வருது."

குடோனையும் ஆஸ்பத்திரியையும் கூட்டினால் எப்படி ஜெயில் வரும் என்று டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார். கணக்கு பிடிபடவில்லை. கோபமாகத்தான் திரும்பிப் போனார். ஆனால் அடுத்த வாரம் பல் பிடுங்க வந்தவர்கள் எல்லாரும், "கைதிங்களை எங்க சார் வச்சிருந்தாங்க?" என்று கேட்கக் கேட்க மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு இரும்புச் சங்கிலியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் பலகை மாட்டி ஏதோ ஒரு வருஷத்தையும் எழுதி வைத்தார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய சங்கிலி. ரசீதுக்கு நகல் எடுத்தவனே நான்தான்.

அப்புறம் பிடித்தது வினை. ஆளாளுக்கு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எங்க வீட்டுக்கும் ஒண்ணு பாருங்கக்கா." தையற்காரம்மா ஒரு மகாராணி வேண்டும் என்று வாய் விட்டே கேட்டார். "வீட்டுக்காரங்க கேட்டு ரீடிங் எழுதறதில்ல" என்று அக்கா கேப்டனைக் கொடுத்தார். தையற்காரம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நீலத் துணியில் தங்கப் பித்தான் வைத்து ஒரு கோட் தைத்து ஜன்னலில் மாட்டினார். இன்றைக்கு அந்தக் கேப்டனைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் கத்தரிக்கோலோடு வந்துவிடுவார்.

நடை தொடங்குவது வளைவில் இருக்கிற ஒன்பதாம் எண் வீட்டிலிருந்து. அது அக்காவின் சொந்த வீடு. அங்கே நின்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "இது ஒன்பதாம் நம்பர். இங்க ஒண்ணும் நடக்கல. வாங்க, அடுத்த வீட்டுக்குப் போகலாம்."

எதிரே கடையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏன்க்கா, ஊருக்கெல்லாம் வாரி விடறீங்க. உங்க வீட்டுக்கு ஒரு குட்டி கதைகூடவா இல்ல?"

"எனக்கு அது திறந்த வீடு, தம்பி. திறந்த வீட்டுக்கு சராசரி போட முடியாது. மீட்டர் என்ன காட்டுதோ அதுதான்."

"என்ன காட்டுது?"

"சைபர்."

அந்த வீட்டுக் கதவு ஒரு ஜாண் அகலத்துக்கு மேல் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் எதிரெதிரே இருந்தும் அப்படித்தான். கூரியர் வந்தால் அந்த ஒரு ஜாண் வழியாக ஒரு கை வெளியே வரும், வாங்கிக்கொண்டு உள்ளே போகும். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். அவரும் அந்த இடுக்கு வழியாகத்தான் பக்கவாட்டில் திரும்பி வெளியே வருவார். இரண்டு பெண்களும் கல்யாணமாகி வெளியூரில் இருந்தார்கள். ஊரார் வீட்டின் உள்பக்கத்தையெல்லாம் முப்பத்தொரு வருஷம் பார்த்தவர் இல்லையா? அடுத்தவர் உள்ளே வந்தால் என்னவெல்லாம் கண்ணில் படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒருத்தரையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

போன வருஷம் நகராட்சியிலிருந்து மழைநீர்க் குழாய் போட வந்தார்கள். குழாய் எங்கள் வளைவில் திரும்ப வேண்டும். ஆனை மாதிரிக் குழாய். அது திரும்ப ஒரு வீடு போயே ஆக வேண்டும். எந்த வீடு என்று முடிவு செய்யப் பழங்கட்டிட அதிகாரி ஒருவரை அனுப்பினார்கள். வரலாறு இல்லாத வீடு எதுவோ அது போகலாம் என்பது சட்டம்.

அதிகாரி நேர்மையான மனுஷர். மூன்று ஞாயிறு தொப்பி போட்டுக்கொண்டு அக்காவின் நடையிலேயே கலந்துகொண்டு அட்சரம் விடாமல் எழுதிக்கொண்டார். பதின்மூன்று வீடுகளுக்கும் ஜெயில், கேப்டன், ஊஞ்சல் என்று பக்கம் பக்கமாக ஓடியது. ஒன்பதாம் எண்ணுக்கு ஒரே வரி: 'ஒன்றும் நடக்கவில்லை. உரிமையாளரே மூன்று முறை நேரில் கூறியது.' பதினான்கு வீட்டிலும் கண்ணால் கண்ட சாட்சி இருப்பது இந்த ஒன்றுக்குத்தான் என்று அறிக்கையில் பாராட்டி வேறு எழுதியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு வாயால் பதின்மூன்று வீடு பிழைத்தது, அந்த வாய்க்குச் சொந்தமான வீடு கெட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா என் கடைக்குத்தான் வந்தார். "ரெண்டு காப்பி, தம்பி." நான் வழக்கம் போலப் படித்தேன். தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மறுப்பு இருந்தால் பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு வரலாம். எனக்கு மெஷின் மூடியைத் தூக்கவே கை வரவில்லை.

"அக்கா, விசாரணையில ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க. ஒரே ஒரு கவிஞர் வந்து ஒரு ராத்திரி தங்கினார்னு சொல்லுங்க. போதும்."

"திறந்த வீடு, தம்பி."

எனக்கு வந்ததே கோபம். "வீடே இடிஞ்சு விழப்போகுது. திறந்த வீடு, பூட்டின வீடுன்னு இன்னமும் ஆபீஸ் பேச்சா? அரிச்சந்திரன் பக்கத்து வீட்டுல பொறந்தீங்களா நீங்க?"

அக்கா இரண்டு காப்பியையும் நான்காக மடித்தார், அப்புறம் பிரித்தார், திரும்ப மடித்தார். "எங்க போறதுன்னு தெரியல, தம்பி" என்றார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவர் எதையும் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே டாக்டர் வீட்டில் சங்கிலிக்குக் கீழே கூடினோம். டாக்டர், தையற்காரம்மா, டிராயிங் வாத்தியார், நான். அக்காவுக்காக நாமே ஒரு கதை சொல்லிவிடுவது என்று முடிவானது. ஒரே கதையாகச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். சரி, எந்தக் கதை? டாக்டருக்கு ஜெயில் சூப்பரின்டென்டென்ட் அங்கே குடியிருக்க வேண்டும். தையற்காரம்மாவுக்குக் கேப்டனின் மனைவி. வாத்தியாருக்கு ஒரு ஓவியப் பள்ளி. தன் வீட்டு வரலாற்றுக்கு அக்கா வீட்டில் ஒரு கிளை திறக்க ஆளாளுக்கு ஆசை. இரண்டு மணி நேரம் கத்தி, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம். நாலு பேர் சேர்ந்து ஒரு உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு பொய்யைச் சொல்ல முடியாது.

விசாரணை பழங்கட்டிட ஆபீசில் நடந்தது. நீளமான மேஜை, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கிய ஒரு பென்சில் டப்பா. அதிகாரி முதலில் அக்காவைக் கேட்டார். "அம்மா, இது கடைசி வாய்ப்பு. உங்க வீட்டுல ஏதாவது நடந்திருக்கா?"

அக்கா எழுந்து நின்றார். மேஜை அவர் மார்பு வரைக்கும் வந்தது.

"கல்யாணமாகி நான் உள்ள வந்த அன்னைக்கு நல்ல மழை சார். ரெண்டு பேருக்கும் ஒரே குடை. பெரியவ கூடத்துலயே பொறந்துட்டா. ஊருக்கே பஸ் ஓட்டுற மனுஷன், அன்னைக்கு ஒரு வண்டி பிடிக்க முடியல. நடுவுல ஒண்ணு தங்கல. அப்புறம் சின்னவ. எங்க மாமியார் எட்டு வருஷம் படுக்கையில இருந்தாங்க. குளிப்பாட்டி விட்டுட்டுத்தான் நான் ரீடிங்குக்குக் கிளம்புவேன். இவர் ரிடையரான அன்னைக்கு சாவியைக் கொடுத்துட்டு வந்து கூடத்துல உட்கார்ந்து அழுதார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இதெல்லாம் எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானேம்மா?"

"ஆமா சார். எல்லா வீட்டையும் பார்த்திருக்கேன். அதனாலதான் ஒண்ணும் நடக்கலன்னு சொன்னேன்."

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் எழுந்தார்.

ஒன்பதாம் எண்ணின் மாடியில் ஜெயில் சூப்பரின்டென்டென்ட் குடியிருந்தார் என்றார். ஒன்பதாம் எண்ணுக்கு மாடி கிடையாது. அடுத்துத் தையற்காரம்மா: கேப்டனின் மனைவி கிழக்கு ஜன்னலில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிழக்குல ஜன்னலே இல்லையேம்மா" என்று அக்கா பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்காரர், டிரைவரண்ணன், எழுந்தார். அக்கா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வாத்தியார், நிலவறையில் முப்பது பேர் ரகசியமாக ஓவியம் படித்தார்கள் என்றார். ஏன் ரகசியமாக என்று அதிகாரி கேட்டதற்கு, "ஓவியம்னா அப்படித்தான்" என்றார். என் முறை வந்தது. நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. என் கடையின் அண்ணன் தம்பி சண்டை போட்ட அந்தக் கதவு, இப்போது ஒன்பதாம் எண்ணின் வாசலில் இருப்பதுதான் என்று ஒரே போடாகப் போட்டேன்.

எந்த வருஷம் என்று அதிகாரி கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது டாக்டர் வீட்டுப் பலகையில் இருந்த வருஷம் ஒன்றுதான். நாலு பேரும் அதையே சொன்னோம்.

அதிகாரி எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தார். "ஒரே வருஷத்துல, ஒரே வீட்டுல, சூப்பரின்டென்டென்ட், கேப்டன் சம்சாரம், முப்பது மாணவர்கள், சண்டை போடற அண்ணன் தம்பி. வீட்டுல எத்தனை ரூம்?"

ஆறு என்றார் டாக்டர். நாலு என்றார் தையற்காரம்மா. வாத்தியார் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க யாராவது அந்த வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா?"

"இல்ல சார்" என்றேன் நான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கதவைத் தட்டி, சௌக்கியமா என்று கேட்டு நான் உள்ளே போக முயன்றதில்லை.

அக்கா சட்டென்று எழுந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "எல்லாம் பொய் சார். ஒண்ணுகூட எழுதாதீங்க."

போச்சு. எல்லாவற்றிலும் மண். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பொய் இல்லக்கா" என்றேன். "உங்களுக்குத்தான் அது திறந்த வீடு. எங்களுக்குப் பூட்டின வீடு. இருபத்திரண்டு வருஷமா பூட்டின வீடு. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி சராசரி போட்டோம்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு வீட்டுக்கு ஒரு வரலாறுதான் இருக்கலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் அது தகராறு. தகராறில் இருக்கும் வீட்டை, உரிமை கொண்டாடுகிறவர்கள் தங்களுக்குள் ஒரே வரலாற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வரை யாரும் தொடக் கூடாது. படித்து முடித்துத் தலையைத் தூக்கினார். தையற்காரம்மா அதற்குள் டாக்டரிடம், "கேப்டன் சம்சாரம் தனியா இருந்த வீட்டுல உங்க ஆளுக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர், முதலில் வந்தது சூப்பரின்டென்டென்ட்தான் என்று மேஜையைத் தட்டினார். வாத்தியார் இரண்டு பேரையும் நிலவறைக்கு மேலே குதிக்க வேண்டாம் என்றார். இவர்கள் இந்த ஜென்மத்தில் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்று அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. டப்பாவிலிருந்து 'தகராறு' என்ற ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார்.

குழாயை அடுத்த தெரு வழியாகத் திருப்பினார்கள். அந்த வழியில் வரலாறு எழுதப்படாத கட்டிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழங்கட்டிட ஆபீஸ். அதற்கு ஒரு வரி எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் இப்போது வாடகை இடத்தில் இருக்கிறார்கள்.

விசாரணை முடிந்து எல்லாரும் ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். வழியெல்லாம் சண்டை. ஒன்பதாம் எண் வாசலில் அக்கா சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்துவார் என்று நாங்கள் நகர்ந்தோம். அவர் சாத்தவில்லை. கதவைச் சுவரோடு போய் இடிக்கும் வரை தள்ளினார்.

"உள்ள வாங்க" என்றார். எங்கள் யாருக்கும் கால் எழவில்லை. "அட, வாங்கன்னா."

இரண்டே ரூம். மாடியும் இல்லை, நிலவறையும் இல்லை, கிழக்கில் ஜன்னலும் இல்லை. அக்கா கூடத்தில் நடுவாக நின்று, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் ஆரம்பித்தார். இங்கதான் பெரியவ பொறந்தா. இந்தச் சுவரோரமா மாமியார் கட்டில். இவர் அழுதது இந்த நாற்காலியில. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தையற்காரம்மா குனிந்து அந்தத் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"நடுவுல ஒண்ணு தங்கலன்னு சொன்னீங்களேக்கா" என்றார் மெதுவாக.

அக்கா உள் ரூமின் மூலையைக் காட்டினார். "அங்கதான் தூளி கட்டியிருந்தோம். பையன். மூணு நாள் இருந்தான்."

"நாலு" என்றார் டிரைவரண்ணன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மூணு நாள்தாங்க."

"நாலு. மூணாம் நாள் ராத்திரி நீ அசந்து தூங்கிட்ட. விடியற வரைக்கும் என் கையிலதான் இருந்தான். உன்னை எழுப்ப மனசு வரல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வருஷமாக அவருக்கு அது தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கண்ணைத் திறந்தானா?" என்று கேட்டார்.

"திறந்தான்" என்றார் அண்ணன்.